பதினெட்டாம் வளைவு போஸ்டர்

ஏற்காடு,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் தேவசிகாமணி அவர்களுக்கு, சூசைமாணிக்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ஞானசுந்தரியும் உங்கள் மருமகன் மரியஜோசப்பும் உயிரோடு இருக்கிறோம். சேலத்துச் சுவர்களில் எதைப் பார்த்திருந்தாலும் இதையே நம்பவும்.

மரியஜோசப் கிடாரைத் தூக்கி நாலு வருஷம் ஆகிறது. நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் எஸ்டேட்டின் காப்பிக் குடோனில் அவனும் தலைச்சோலை சின்னத்தம்பியும் இன்னொரு பையனும் சேர்ந்து ராக் பேண்டு ஆரம்பித்தார்கள். முதல் கச்சேரிக்குப் போன ஜீப், மலைப்பாதையில் பதினெட்டாம் வளைவில் பிரேக் பிடிக்காமல் பாறையில் முட்டி நின்றது. இதோடு பயந்து விட்டுவிடுவார்கள் என்று நானிருக்க, பேண்டுக்கே 'பதினெட்டாம் வளைவு' என்று பேர் வைத்தார்கள். ரெண்டாவது கச்சேரியில சின்னத்தம்பி டிரம்முல குச்சியை வெச்சதும் லாட்ஜ் முழுக்க கரண்டு போச்சு. மூணாவதுல மைக் ஷாக் அடிச்சுது. இத்தனைக்கும் கேக்க வந்த கூட்டம் பதினொண்ணைத் தாண்டினதில்லைங்க, அதுலயும் ஏழு பேரு நம்ம சொந்தம்.

இப்ப வர்ற சனிக்கிழமை உங்க சேலத்துல கச்சேரி. அதுக்குப் போஸ்டர் அடிச்சானுங்க. கருப்புத் தாளு, மூணு மொகம், ஒருத்தனும் சிரிக்கலை. மேல 'பதினெட்டாம் வளைவு', கீழ தேதி, மாலை ஐந்து மணி. கண்ணீர் அஞ்சலிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைங்க. அந்த வளைவுல உருண்டு மூணு பையனும் போயிட்டானுங்கன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. பஸ் ஸ்டாண்டு சுவத்துல பாத்ததும், நம்ம பையன் என் பின்னாடியே நிக்கறதை மறந்து, நானே சிலுவை போட்டுக்கிட்டேன். ஊட்டுக்கு வந்தா வாசல்ல பத்து மாலை. எஸ்டேட்டுல காப்பிப்பழம் பறிக்கிற மருதாயி உக்காந்து ஒப்பாரி வெச்சுக்கிட்டு இருக்காங்க. "ஏனுங்கக்கா, காப்பி குடிக்கறீங்களா"ன்னு இவனே டம்ளரோட போய் நிக்கறான். அப்பவும் அந்தம்மா, "இரு கண்ணு, எடுத்ததை முடிச்சர்றேன்"னு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சாங்க.

எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வரலை மச்சான், நொம்ப பயமா இருக்குது. அழுதாச்சு, மாலையும் வந்தாச்சு, சனிக்கிழமை இவன் அதே வளைவுல இறங்கணும். ஒத்தப் புள்ளைங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டான், தாய்மாமன் நீங்க சொன்னாத் தட்ட மாட்டான். ஆபீஸ் போன்ல பேசுனா அவன் காதுல விழும்னுதான் பஸ் கண்டக்டர் கிட்ட இதைக் குடுத்தனுப்பறேன். நீங்களே அவனைக் கூப்பிட்டு, கச்சேரி வேண்டாம்னு நிறுத்திப்போடுங்க.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் குடும்பத்தை மேட்டிலும் பள்ளத்திலும் கைப்பிடித்து நடத்துவாராக.

நடுக்கத்துடன்,
சூசைமாணிக்கம்

பி.கு.: இந்தக் கடுதாசியை ஒட்டறதுக்குள்ள மருதாயி வந்தாங்க. போஸ்டரை நம்பி, சாவுக்குன்னு மேனேஜர் சனிக்கிழமை எல்லாருக்கும் அரை நாள் லீவு குடுத்துட்டாராம், இப்ப அந்த லீவை விட்டுக்குடுக்க யாருக்கும் மனசில்லை. அழுததுதான் அழுதுட்டோம், பாட்டையும் கேட்டுட்டு வர்றோம்னு எஸ்டேட் லாரியில நாப்பது பேரு கிளம்பறாங்க. சேதியைக் கேட்டுட்டு மரியஜோசப் குடோன் கதவுக்குப் பின்னாடி போய்க் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். மேல எழுதுனதையெல்லாம் விட்டுருங்க. நான் டிரைவர் பக்கத்துல ஜெபமாலையோட உக்காந்து வர்றேன், அந்த வளைவு வந்தாக் கண்ணை மூடிக்குவேன். ஹால்ல நாற்காலி மட்டும் கூடப் போடச் சொல்லுங்க மச்சான். நாப்பது பேருங்க.