கூப்பிடாமல் வரவேண்டிய விருந்து

விருந்து வைத்து, அதற்கு ஒருவரையும் கூப்பிடாமல், பிறகு ஒருவரும் வரவில்லையே என்று மனமுடைந்து போகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஸ்காபரோவில், நாங்கள் முன்பு குடியிருந்த அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் இருக்கிறார். பெயர் சங்கு அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் இருக்கும். நான் பார்த்ததில்லை.

ரொறன்ரோத் தமிழர் விசேஷம் வைத்தால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒரு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, பிள்ளை அழுது களைத்து நித்திரையான பிறகும் கேக் வெட்டுகிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில், கோடைக்கு ஒரு சனிக்கிழமை, சங்கு அண்ணை ஒரு பார்க்கில் நூறு பேருக்குச் சமைத்துவிட்டு, மூடிய கிடாரங்களுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

பார்க்கின் பெயரையும் தேதியையும் எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் அவருக்கு உதவாமல் போய்விடுவீர்கள். ஏன் என்று போகப்போக விளங்கும்.

முதலில் பெயர் வந்த கதை. ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் தன் பால்கனியில் நின்று சங்கு ஊதினார். கோயிலில் அளந்து ஊதுகிற ஊதல் அல்ல. அடிவயிற்றிலிருந்து எழும்பி முடிவே இல்லாமல் போகிற ஊதல். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு சங்கு கேட்டால் ஒரே அர்த்தம்தான். பதினைந்து நிமிடத்தில் ஐந்தாம் மாடி அன்ரி வெள்ளைச் சேலையோடு வந்துவிட்டார். பின்னால், ஊரில் யார் இறந்தாலும் முதல் ஆளாக வட்ஸ்அப்பில் அறிவிக்கிற மூன்றாம் மாடி அங்கிள், போனைத் திறந்து பிடித்தபடி வந்தார்.

"ஆர் தம்பி மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை அங்கிள். சும்மா ஊதிப் பாத்தனான்."

"சும்மா ஊதுற சாமானோ உது?"

"அங்க கொண்டாட்டத்துக்குத்தான் ஊதுறவை."

"எங்க?"

"எங்கட தீவில."

"எந்தத் தீவு? நெடுந்தீவோ, நயினாதீவோ?"

"அதுகளில்லை. கரிபியன்."

அங்கிள் போனைப் பைக்குள் வைத்தார். நல்லதொரு படமும், பிறந்த இடமும், மக்கள் மருமக்கள் விபரமும் கிடைக்குமென்று நம்பி வந்த மனிதரின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

நானும் சங்கு அண்ணையும் பிறம்ரனில் ஒரே வேர்ஹவுஸில் வேலை செய்தோம். போவது அவருடைய காரில். போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை. கதை கேட்க விருப்பமில்லை என்றால் நெடுஞ்சாலையில் குதிக்க வேண்டும். ஆகவே கேட்டேன்.

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்ற் அவரை ஒரு சின்னக் கரிபியன் தீவில் இறக்கிவிட்டிருக்கிறான்.

"இதுதானோ கனடா எண்டு கேட்டன். ஓம், குளிர் இன்னும் தொடங்கேல்லை எண்டான்."

"நம்பினீங்களோ அண்ணை?"

"தென்னை மரம் நிண்டது. அதில கொஞ்சம் சந்தேகம்தான். எண்டாலும் நான் முந்திக் கனடா பாத்தவனே?"

குளிர் எந்த நேரமும் வரலாமென்று ஜக்கெற்றைக் கழற்றாமல் பதினொரு நாள் இருந்தாராம். பன்னிரண்டாம் நாள் பிஸ்கற் முடிந்தது. ஏஜென்ற் இனி வரமாட்டான் என்பதும் விளங்கியது. அன்றைக்குத்தான் சங்குச் சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கம் நடந்தார். ஒரு வளவுக்குள் மூன்று கல் வைத்த அடுப்புகளில் கிடாரங்கள், மேளம், முழு ஊரும். வேலியோரம் ஜக்கெற்றோடு நின்றவரை மிஸ் டோரா என்கிற வீட்டுக்கார அம்மா கண்டார். வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசையில் தனியாக ஒரு தட்டு நிறையச் சாப்பாடு இருந்தது. அதை எடுத்துவந்து கையில் தந்தார். ஈரப்பலாக்காயும் உப்பு மீனும் மஞ்சளும், தேங்காய்ப்பால் விட்டு வற்றக் காய்ச்சியது.

"ஆர் நீ எண்டு கேக்கேல்லை தம்பி. எங்கையிருந்து வாறாய் எண்டு கேக்கேல்லை. உன்னை ஆர் கூப்பிட்டது எண்டு கேக்கேல்லை."

மிஸ் டோராவின் பின்னறையில் மூன்று வருடம் இருந்தார். அங்கே செத்தவர் கனவில் வந்து பசிக்கிறது என்று சொன்னால் இந்த விருந்து வைக்க வேண்டுமாம். எங்கள் படையல் மாதிரித்தான். அந்தத் தீவின் பேச்சு அவருக்குப் பாதிதான் விளங்கியது. ஆனாலும் சட்டம் முழுதாக விளங்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு: இந்த விருந்துக்கு ஒருவரையும் கூப்பிடக்கூடாது. சங்கு கேட்டவரும் புகை கண்டவரும் தாமாக வருவார்கள். அப்படி வந்த முதல் ஆள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம்.

மிஸ் டோரா இறந்த செய்தி ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அவருக்குக் கனவு தொடங்கியது.

"வெறும் பீங்கான் தட்டோட வந்து நிக்கிறா. ஒண்டும் கதைக்கிறேல்லை. கதைச்சாலாவது ஏதும் சமாதானம் சொல்லலாம்."

பால்கனியில் ஊதியது முதல் விருந்துக்கான பயிற்சி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் அந்த அடுக்குமாடிக்கு வருகிற படிவமெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பார்க்கில் நெருப்பு மூட்டுவதற்கான அனுமதிப் படிவமும் வந்தது.

"எத்தனை பேர் வருவினம் எண்டு கேக்கினம் அண்ணை."

"தெரியாது."

"தெரியாது எண்டு எழுதேலாது."

"வாறவை வருவினம் எண்டு எழுது."

"ஆரை அழைச்சிருக்கிறியள் எண்டும் கேட்டிருக்கு."

"ஒருத்தரையும் இல்லை."

நான் பலருக்கு நிரப்பிய படிவங்களில் உண்மையைத் தவிர வேறெதுவும் இல்லாத படிவம் அது ஒன்றுதான். அனுமதி வந்தது. விருந்தினர்: பூச்சியம்.

முதல் வருடம் பத்து மணிக்குச் சங்கு ஊதினார். நல்ல வாசம், நல்ல வெயில், பார்க் நிறைய ஆட்கள். ஓட்டப் பயிற்சி செய்த ஒரு பெண் ஓடிக்கொண்டே நன்றாக மணக்கிறது என்றாள், ஓடிப்போய்விட்டாள். ஒரு நாய் மனப்பூர்வமாக வந்தது. நாய்க்காரர் நான்கு தரம் மன்னிப்புக் கேட்டு இழுத்துக்கொண்டு போனார். சங்கு அண்ணை வாய் திறந்து "வாங்கோ" என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அது அழைப்பாகிவிடும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

பகல் ஒரு மணிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் கிட்ட வந்தது. கணவர் மூக்கால் வழி கேட்டுக்கொண்டே வந்தவர் போலிருந்தது.

"ஆற்ற பேர்த்டே அண்ணை?"

"பேர்த்டே இல்லை."

"கோயில் அன்னதானமோ?"

"இல்லை. சமைச்சிருக்கு."

கணவர் கிடாரத்தைப் பார்த்தார். சங்கு அண்ணை வானத்தைப் பார்த்தார். அண்ணையின் ஒரு கை தட்டைத் தேடிப் போய்விட்டதை நான் கண்டேன். அப்போது மனைவியின் குரல் வந்தது.

"கூப்பிடாத இடத்தில கை நனைக்கிறதே? வாங்கோப்பா."

பின்னேரம் வாத்துகள் வந்தன. பன்னிரண்டு பெரிய கனடா வாத்துகள், வரிசையாக, மரியாதையாக.

"அண்ணை, உதுகள் கூப்பிடாமல்தானே வந்ததுகள்."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்லைத் தம்பி. உது உதுகளின்ர வளவு. உதுகளுக்கு நாங்கள்தான் கூப்பிடாமல் வந்த ஆக்கள்."

சூரியன் மறைந்த பிறகு கிடாரங்களைக் காரில் ஏற்றினோம். அடுத்த கிழமை முழுவதும் பிறம்ரனில் பெட்டி தூக்குகிற அத்தனை பேரும் ஈரப்பலாக்காய் சாப்பிட்டார்கள். இது கணக்கில் வராதா என்று கேட்டேன். "இது மிச்சம். மிச்சம் விருந்தாகாது" என்றார். ஏரிக்கரையில் நடக்கிற பெரிய கரிபியன் ஊர்வலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஆட்கள் வருவார்களே என்றேன். "அங்க சாப்பாடு விக்கினம். விக்கிற இடத்துக்கு மிஸ் டோரா வரமாட்டா."

இரண்டாம் வருடம் மழை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நனைந்துகொண்டு இருந்தோம்.

மூன்றாம் வருடம் நான் குறுக்கே விழுந்தேன். அவருக்குத் தெரியாமல் எங்கள் அடுக்குமாடி வட்ஸ்அப் குழுவில் போட்டேன்: தற்செயலாக வந்த மாதிரி வாருங்கள், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். எழுபது பேர், தற்செயலாக, பகல் பன்னிரண்டரைக்கு, மடிக்கதிரைகளோடு வந்து இறங்கினார்கள். ஒருவர் எதற்கும் இருக்கட்டுமென்று மைக் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் பொன்னாடை.

சங்கு அண்ணை எழும்பி நின்றார். கண் நிறைந்துவிட்டது. தட்டை எடுத்தார். மூடியைத் திறந்தார். கரண்டியை உள்ளே விட்டார். வரிசையில் முதலில் நின்றவர் மூன்றாம் மாடி அங்கிள்.

"குறை நினைக்கக்கூடாது. தம்பி பன்ரண்டு எண்டுதான் போட்டவர். பார்க்கிங் பிடிக்க நேரமாப்போச்சு."

கரண்டி நின்றது. மூடி திரும்பப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. எழுபது பேரும் ஒரு மணித்தியாலம் காத்திருந்து, பிறகு மடிக்கதிரைகளை மடித்துக்கொண்டு கொத்துரொட்டிக் கடைக்குப் போனார்கள். கொண்டுவந்ததை வீணாக்கக்கூடாதென்று பொன்னாடையை மட்டும் போர்த்திவிட்டுப் போனார்கள். மூடிய கிடாரத்துக்குப் பக்கத்தில், பச்சைச் சரிகைப் பொன்னாடையோடு, அவர் மாலைவரை உட்கார்ந்திருந்தார். என்னை ஏசவில்லை.

"உந்த எழுபது பேரும் இனி எனக்கு உதவமாட்டினம், தம்பி" என்றார். "தெரிஞ்ச ஆக்களாப் போச்சினம்."

அந்த மாரிக் குளிரில் எங்கள் வேர்ஹவுஸுக்கு மேர்ல் என்றொரு சுப்பவைசர் வந்தார். அதே தீவுக்காரி. மதியச் சாப்பாட்டில் ஆவலோடு போய்ச் சட்டத்தைக் கேட்டேன். மேர்ல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூப்பிடுவதில்லையா? வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார்களாம். ஒரு வீட்டை மறந்துவிட்டால் அந்த வீட்டார் மூன்று வருடம் முகம் பார்க்கமாட்டார்களாம். எங்கள் ஆட்களை அந்தத் தீவில் கண்டதுபோல இருந்தது எனக்கு.

வெள்ளைத் துணி மேசையைப் பற்றியும் கேட்டேன். சிரிப்பு நின்றது. அது செத்தவர்களுக்கு வைக்கிற தட்டு என்றார். விடியும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். தன் வயதில் அதை உயிரோடு இருக்கிற ஒருவருக்கு எடுத்துக் கொடுத்ததாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

திரும்பி வருகிறபோது காரில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

"அண்ணை, அங்க எல்லாரையும் கூப்பிடுறவையாம். அண்டைக்குக் கூப்பிடாமல் வந்தது நீங்கள் ஒராள்தானாம். அந்தப் பீங்கான் செத்தவைக்கு வச்சதாம்."

நெடுஞ்சாலையில் நாங்கள் இறங்க வேண்டிய வழி தாண்டிப் போனது. அடுத்ததும் போனது.

"அப்ப எனக்காக அந்த மனிசி தன்ர செத்த ஆக்களைப் பட்டினி போட்டிருக்கிறா" என்றார்.

"இனி எல்லாரையும் கூப்பிடலாம்தானே அண்ணை. சட்டம் அப்பிடி இல்லையே."

"அவைக்கு அது சட்டம். எனக்கு இதுதான்."

"நானாவது சாப்பிடுறனே."

"உனக்குத்தான் தேதி தெரியுமே. மறந்துபோட்டு வா."

அதன் பிறகு எனக்கு ஸ்காபரோவைத் தாண்டி விட்பியில் ஒரு அலுவலக வேலை கிடைத்து இங்கேயே குடிவந்துவிட்டேன். அவர் இன்னும் சமைக்கிறார். இன்னும் ஒருவரும் வரவில்லை. வருடத்துக்கு வருடம் கதை பரவி, கதை கேட்டவர் எல்லாம் தெரிந்தவர் ஆகி, ரொறன்ரோவில் அவருக்கு உதவக்கூடிய ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இதை எழுதி உங்களையும் நான் கெடுத்துவிட்டேன். வாசித்து முடித்ததும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். பிறகு எப்போதாவது, எங்கேயாவது, புகை கண்டால் காரைத் திருப்புங்கள். தட்டை நீட்டினால் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நானும் மறக்கப் பார்க்கிறேன். சமையலறைக் கலண்டரைக் கழற்றிவிட்டேன். தமிழ்க் கடையில் ஈரப்பலாக்காய் இருக்கிற பக்கம் போவதில்லை. இந்த வருடம் அநேகமாக மறந்தேவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை காலை கண் விழித்த உடனேயே ஞாபகம் வந்துவிட்டது.

பத்து மணிக்கு ஊதுவார். அங்கே ஊதினால் விட்பிக்குக் கேட்காது. இடையில் எத்தனையோ மைல் வீடுகளும் வீதிகளும். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழும்பிப் போய், ஜன்னலைத் திறந்து வைத்தேன்.