பதினேழு அபாயங்களும் ஒரு பரீட்சையும்

லேப்டாப்பில் 'டிங்' என்று மெசேஜ் வருமே, அந்தச் சத்தம். தகரத்தில் விழும் முதல் மழைத்துளி போல மென்மையானதுதான். ஆனால் அதைக் கேட்டால் இன்றும் நான் சட்டென்று வாயை இறுக மூடிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மேனேஜர் நாற்காலி காலியாகியிருந்தது. நிர்வாகச் சான்றிதழை அந்த மாதத்துக்குள் வாங்கினால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் எனக்கு எட்டு வருஷம் பின்னால் சேர்ந்த சுரேஷுக்கு. அவனை நான் சார் என்று கூப்பிட வேண்டும்.

பரீட்சை ஆன்லைனில், வீட்டிலேயே. முகம் தெரியாத கண்காணிப்பாளர் ஒருவர் மூன்று மணி நேரம் கேமரா வழியே என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் தென்படக் கூடாது, பேச்சுச் சத்தம் கூடாது. தாம்பரத்து அபார்ட்மென்டில் நடக்கிற காரியமா?

ஆனால் நான் நிர்வாகம் படித்தவன் (பாதிப் புத்தகம்). புத்தகம் சொன்னபடி அபாயப் பட்டியல் போட்டேன். மொத்தம் பதினேழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். மாடி வீட்டு டிரில்லிங் மெஷினுக்கு செக்ரட்டரி சார். கோலமாவு வண்டி ஸ்பீக்கருக்கு வாட்ச்மேன். குக்கர் விசிலுக்கு என் மனைவி கீதா. அச்சடித்து லிஃப்டில் ஒட்டினேன். (மறுக்க முடியாது, போட்டோ இருக்கிறது.)

"இன்னா சார், பொண்ணுக்குப் பரீட்சையா?" என்றார் வாட்ச்மேன்.

"எனக்கு."

என் நரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சர்தான். வுடு சார், நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அன்று காலை எங்கள் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. காக்கைகூட யோசித்துத்தான் கரைந்தது. அப்படியொரு மௌனத்தில் முதல் கேள்வியைப் படித்தேன்.

டிங். 'உங்கள் உதடுகள் அசைகின்றன. நிறுத்தவும்.'

என் உதடா? தொட்டுப் பார்த்தேன்.

டிங். 'வாயை மறைக்கக் கூடாது. இரண்டாவது எச்சரிக்கை.'

எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுப் படித்தால்தான் படிப்பு. வாய் அசையாதவன் தூங்குகிறான் என்று பிரம்பு வரும். அந்தப் பிரம்புக்குப் பயந்த உதடு, முப்பது வருஷமாக எனக்கே தெரியாமல் டியூட்டி பார்த்திருக்கிறது. பல்லைக் கடித்தேன். கண் வரியில் ஓடியது. ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. ஆறாவது கேள்வி நீளமானது. என்னை மறந்தேன்.

டிங். 'உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது.'

திரை வெள்ளையானது. மொத்தம் பதினோரு நிமிடம். எழுந்து கதவைத் திறந்தேன். ஹாலில் கீதாவும் மகளும் செக்ரட்டரி சாரும் சைகையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியாப்பா?" மகள் கிசுகிசுத்தாள்.

"வாய் அசைஞ்சுதாம். கேன்சல் பண்ணிட்டாங்க."

செக்ரட்டரி சார் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினார். "அது லிஸ்ட்லயே இல்லையே சார்."

நாற்காலி சுரேஷுக்குப் போனது. (சார் நல்லவர்தான்.) லிஃப்டில் இன்றைக்கும் எந்த நோட்டீஸ் ஒட்டினாலும், தண்ணீர்த் தொட்டி கழுவுவதானாலும் சரி, கடைசியில் யாரோ பேனாவால் 'வாய்' என்று சேர்த்துவிடுகிறார்கள். கையெழுத்து என் மகளுடையது போலத்தான் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு தேர்வு மையத்துக்கே போய் எழுதித் தேறினேன். அன்று காலை கீதாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டாள்.

"ஐடி கார்டு?"

"இருக்கு."

"கண்ணாடி?"

"இருக்கு."

"சரி, அந்த வாயை மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."