இன்ஜினியர் வீட்டு நீல டிரம்

"அந்த நீல டிரம்மையும் நிரப்பிடுங்க" என்று மனைவி சொன்னபோது இன்ஜினியருக்கு அதில் ஒரு வம்பும் தெரியவில்லை. சாயங்காலம் மகள் பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். முதல் பேத்தி. குளிப்பாட்ட, துணி அலச என்று தண்ணீர் செலவு கூடத்தானே செய்யும்? லீவு போட்டிருந்தவர், பால்கனியில் ஏற்கெனவே நிரம்பியிருந்த டிரம்முக்குப் பக்கத்தில் நீல டிரம்மையும் கழுவி வைத்து ஹோஸைச் செருகினார்.

அவர் குடிநீர் அலுவலகத்து இன்ஜினியராக இருந்ததுதான் வினை.

கீழ் வீட்டுத் தையல்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார், டிரம்மெல்லாம் நிறையுது? தண்ணி வராதா?"

"சேச்சே! அதெல்லாம் இல்லவே இல்ல."

தையல்காரர் அர்த்தத்தோடு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். உடனே அவர் வீட்டில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டு டீச்சர் கதவைத் தட்டினார்.

"ஏரி வத்திடுச்சாமே சார்?"

"யாரு சொன்னது? ஏரி நிரம்பி வழியுதும்மா!"

"வழியற ஏரிக்கு எதுக்கு சார் இவ்வளவு சத்தம் போடறீங்க?" என்று கேட்டுவிட்டு டீச்சர் மாடிப்படியில் ஓடினார். ஓடும்போதே, "வாளியை எடுடி!" என்று மகளுக்கு உத்தரவு போனது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கடமை உணர்ச்சி யாரை விட்டது? இன்ஜினியர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். கூட்டம் கூடியது.

"ஒரு சொட்டுகூடக் குறையாதுங்க. யாரும் பயப்பட வேண்டாம். நான் பொறுப்பு!"

பென்ஷன்காரர் ஒருவர் சிரித்தார். "நானும் கவர்ன்மென்ட்ல குப்பை கொட்டினவன்தான். 'பயப்பட வேண்டாம்'னு நாங்க சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

கூட்டம் கலைந்தது. கலைந்த வேகத்தில் தெரு முழுக்கக் குழாய்கள் திறந்துகொண்டன. அண்டா, வாளி, சமையல் பாத்திரம், பூச்சாடி என்று வயிறுள்ள எதையும் விட்டுவைக்கவில்லை.

சொல்லி நம்பாதவர்களுக்குச் செய்துதான் காட்டவேண்டும் என்று இன்ஜினியருக்குத் தோன்றியது. வீட்டுக்கு ஏறிப் போய், மனைவி கையைப் பிடித்துத் தடுக்கத் தடுக்க, இரண்டு டிரம்களையும் பால்கனியிலிருந்து தெரு பார்க்கச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"பாத்துக்குங்க! தட்டுப்பாடு வரும்னா நான் கொட்டுவேனா?"

உடனே டீச்சரின் குரல் கேட்டது. "பிடிச்ச தண்ணியையே கொட்டறாரு! தண்ணியில என்னமோ கலந்துடுச்சு! நல்ல தண்ணி வர்ற வரைக்கும் குழாயைத் திறந்து விடுங்க!"

பக்கத்துத் தெருவுக்கும் செய்தி போய்விட்டது.

அலுவலகத்திலிருந்து உதவியாளர் போன் செய்தார். "சார், உங்க ஏரியா டேங்க் மடமடன்னு இறங்குது. எங்கேயோ மெயின் பைப் உடைஞ்சிருக்கு. வால்வை மூடிடவா?"

"பைப் உடையலய்யா" என்றவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். மூடாவிட்டால் டேங்க் காலி. காலிக் குழாய் விரிசல் வழியே சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அப்புறம் வாரக்கணக்கில் கழுவவேண்டும்.

"மூடு" என்றார் அழமாட்டாத குறையாக.

மழை பொய்ப்பது, ஏரியை மண் மூடுவது, ஆலைக் கழிவு, ஓட்டைக் குழாய் என்று தண்ணீருக்கு வரும் ஆபத்துகளைப் பற்றி அவர் போன வாரம்தான் பெரிய அறிக்கை கொடுத்திருந்தார். அதில் தன் பெயரைச் சேர்க்காமல் விட்டது இப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். வந்ததும் வராததுமாகக் குழந்தை துணியெல்லாம் நனைத்து, அதற்கு மேலும் செய்துவிட்டு, வீறிட்டது. மனைவி குழாயைத் திருகினாள். காற்று மட்டும் வந்தது.

"ஊர்ல எல்லார் வீட்டுலயும் அண்டா நிறைஞ்சு கிடக்கு. தண்ணி ஆபீஸ்காரர் வீட்டுல பிள்ளையைக் கழுவ ஒரு சொம்பு இல்ல!"

மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்குப் பேத்தியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. தையல்காரர் தோளில் ஒரு குடம் தண்ணீரோடு நின்றார். இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க, எல்லாம் என்னால..." என்று இன்ஜினியர் ஆரம்பித்தார்.

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "வெளிப்படையா சொன்னா உங்க வேலைக்கு ஆபத்துன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? அடுத்த தடவையும் இதே மாதிரி 'இல்லவே இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நாங்க பிடிச்சு வச்சுக்கிறோம்."