பூசையில் இருந்த மெமரி

முள்ளியவளை,
விஜயதசமி கழிந்து மூன்றாம் நாள்.

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் மயில்வாகனம் அவர்களுக்கு, ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் மாடுகளும் நலம். கனடாக் குளிருக்குள் நீங்களும் குடும்பத்தவரும் குறைவின்றி இருக்க எங்கள் பிள்ளையாரைக் கேட்டிருக்கிறேன்.

நிற்க, நீங்கள் அனுப்பிய மெமரி, கொம்பியூட்டரின் வேகத்தைக் கூட்ட உள்ளே செருகும் அந்தச் சின்னப் பட்டி, வந்து சேர்ந்தது. எங்கள் கொம்பியூட்டரின் நடை உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் அதை முடுக்கிவிட்டு, கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, மாட்டுக்கு வைக்கோலும் போட்டு வந்தால், திரையில் அந்த வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். மகள் சுதாஜினி விவசாய டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க ஒரு கிழமையாக அதோடு மல்லுக்கட்டினாள். பாதிப் படிவத்தில் உறைந்துவிடும். கைபேசியிலோ படிவம் திறக்கவே மாட்டேன் என்றது. போன வருடமும் இதே கூத்தில் திகதி தவறிப் பிள்ளை வீட்டில் இருந்தாள். இம்முறை விண்ணப்பிக்கக் கடைசி நேரம் விஜயதசமியன்று மதியம் பன்னிரண்டு மணி. இதையும் விட்டால் வயதெல்லை தாண்டிவிடும். அதனால்தான் வெட்கத்தை விட்டு உங்களிடம் மெமரி கேட்டேன்.

பொதி வந்தது சரஸ்வதி பூசைக்கு முதல் நாள். நான் வயலில் நின்றேன். உங்கள் தங்கை கமலாசனி அதைப் பிரித்து, படிப்புச் சாமான் என்று வெற்றிலையில் வைத்து, புத்தகங்களோடு கும்பத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டாள்.

"இஞ்சேரப்பா, திகதி முடியப்போகுது. அதை எடுத்துத் தாரும்" என்றேன்.

"பூசையில வைச்சதை இடையில எடுக்கிறதோ? பிறகு பிள்ளைக்குப் படிப்பு வருமே? பத்தாம் நாள் பூசை முடியட்டும்."

உங்கள் தங்கையின் குரல் உயர்ந்தால் நான் என்ன செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

விஜயதசமியன்று பூசை முடியப் பத்தரை. வாயில் அவல் இருக்கும்போதே, சந்தியில் கொம்பியூட்டர் திருத்தும் விமலேஸ்வரி பெட்டியைத் திறந்து மெமரியைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பு. கீக் கீக் கீக் என்று சத்தம் மட்டும். கழற்றிச் செருகினாலும் அதே கீக் கீக் கீக். சுதாஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. விமலேஸ்வரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, இதென்ன, சந்தனமே?"

மச்சான், தங்கநிறப் பற்கள் உள்ள விளிம்புதான் அதன் முகம் என்று எண்ணி, உங்கள் தங்கை அதில் நீளமாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறாள்! கேட்டால், "முகத்திலதானே பொட்டு வைக்கிறது?" என்கிறாள். விமலேஸ்வரி சிரித்துச் சிரித்து, பென்சில் அழிக்கும் அழிறப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். மணி பதினொன்று இருபது. மறுபடி செருகினார். ஒரேயொரு கீக். நான் கதிரையை இழுத்து இருக்க முதலே படம் வந்துவிட்டது! படிவம் பக்கம் பக்கமாகப் பறந்தது. பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்க, குடும்பத் தலைவன் என்ற முறையில் கடைசிப் பொத்தானை நானே அழுத்தினேன்.

"சரஸ்வதி கைவிடேல்லைப் பாத்தியளே" என்றாள் கமலாசனி. நான் மறுக்கவில்லை. நெல் நன்றாக விளைந்த வருடங்களில்கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் வந்ததில்லை.

ஆகவே மச்சான், எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் நிறைவேறியது. இனி இந்த வீட்டில் கொம்பியூட்டரால் ஒரு கரைச்சலும் வராது. உங்கள் வீட்டில் சோறும் சிரிப்பும் என்றும் குறையாதிருக்க வாழ்த்தும்,

அன்பு மைத்துனன்,
ராஜரத்தினம்

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். பழைய வேகத்துக்குப் பழகிய என் கை, கடைசிப் பொத்தானை வழக்கம்போல் நாலு தரம் அழுத்தியிருக்கிறது. புது மெமரியும் நாலு தரமும் தாமதமின்றி அனுப்பியிருக்கிறது. "ஐயா, ஒரே பேரில, ஒரே நாளில பிறந்த நாலு மகள்மார் உங்களுக்கு இருக்கினமோ? நேர்முகத்துக்கு ஆர் வருவினம்?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். பக்கத்தில் நின்ற கமலாசனி போனைப் பறித்துச் சொன்னாள்: "நான் பெத்தது ஒண்டுதான் பிள்ளை, அவள் வருவாள். மற்ற மூண்டும் இவர் தனியப் பெத்தது."