தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு விரக்தி வித்வான்

சோகமாக இருப்பவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பாவம், அவர்களுக்கு வாடகை கட்டவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவுமே நேரம் சரியாக இருக்கிறது. நான் சொல்ல வருவது, சோகத்தை ஒரு வித்தையாகப் பயின்று, அதற்கென்று உடுப்பு தைத்து, நாள் தவறாமல் சாதகம் செய்து, ‘என்னளவுக்கு விரக்தி இந்தத் தாலுகாவிலேயே எவனுக்கும் கிடையாது’ என்ற பெருமையில் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிற ஓர் இனத்தைப் பற்றி. விரக்தி வித்வான் என்று பெயர் வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் இவர்கள் தாடி வளர்த்துக் கவிதை எழுதினார்கள். இப்போது இசைக்குழு வைத்திருக்கிறார்கள்.

அடையாளம் எளிது. சித்திரை வெயிலில் ஒரகடம் கூட்டு ரோட்டில் தார் இளகிக்கொண்டிருக்கும்போது, முழுக்கை கறுப்புச் சட்டை போட்டு, அதன் நெஞ்சில் வேலிக்காத்தான் முள்ளை அள்ளிக் கொட்டியது போன்ற எழுத்தில் ஏதோ ஒரு பெயரைச் சுமந்துகொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர் அவர்தான். அது என்ன பெயர் என்று கேட்காதீர்கள். உங்களால் படிக்க முடியவில்லை என்பதில்தான் அவருடைய நாள் நல்லபடியாகத் தொடங்குகிறது. ‘எப்படி இருக்கீங்க?’ என்றும் கேட்டுவிடாதீர்கள். ‘இருக்கேன்’ என்பார், தன்னைக் கேட்காமல் யாரோ செய்துவிட்ட காரியம் மாதிரி. டீ நன்றாக இருந்தால் வாயே திறக்க மாட்டார். கழுநீராக இருந்தால் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

நம் வித்வானின் பெயர் கோதண்டராமன். சொந்த ஊர் மண்ணூர். கார் இருக்கைகள் தைக்கிற ஒரு கம்பெனியில் தரச் சோதனை வேலை. பிறந்த வீட்டில் துயரம் அவருக்குச் சரியாகக் கூடிவரவில்லை; கண்ணை மூடி வாழ்வின் வெறுமையை நினைக்கிற நேரமாகப் பார்த்து அம்மா ராஜலட்சுமி சூடாக மசால் வடை கொண்டுவந்து வைத்துவிடுவார். வடை ஆறுவதற்குள் வெறுமை எங்கே வரும்? அதனால் நிம்மதியாகத் துன்பப்படுவதற்கென்றே இருங்காட்டுக்கோட்டையில் தகரக் கூரை போட்ட மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

அவருடைய இசையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்டிருந்தால் வருத்தப்படுவார். பிளாக் மெட்டல் என்று ஒன்று உண்டு. வேகம், கோபம், சாத்தான் மூன்றும் சேர்ந்த பாட்டு. அதிலிருந்து சாத்தானையும் ‘உனக்கு இங்கே என்ன வேலை’ என்று அனுப்பிவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் கலக்காத விரக்தியை ஊற்றினால் டிப்ரெசிவ் பிளாக் மெட்டல். கிதாரை ஒரே இடத்தில் நடுங்க நடுங்க மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டிரம்ஸ் அடுத்த தெருவில் யாரோ தகரம் தட்டுவது போலக் கேட்க வேண்டும். பாடுகிறவர், கிணற்றில் விழுந்தவர் உதவிக்குக் கூப்பிடுவது போல, ஆனால் உதவி வந்துவிடுமோ என்ற கவலையோடு, கத்த வேண்டும். எல்லாவற்றையும்விடப் பதிவு மோசமாக இருக்க வேண்டும். கம்பெனியில் தேறாத சரக்கின் மேல் ‘என்ஜி’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிச் சிவப்புத் தொட்டியில் போடுவார்கள். பகலெல்லாம் அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிற கோதண்டராமன், அறைக்கு வந்ததும் தன் பாட்டு என்ஜி ஆகும்வரை விடாமல் திரும்பத் திரும்பப் பதிவு செய்வார்.

குழுவின் பெயர் ‘பிணவறைப் பனி’. ஆட்கள் இரண்டே பேர். மற்றவர் மாசானம், தென்காசிப் பக்கத்துப் பையன், அதே கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர், அதே அறையில் பாய் போட்டவர், டிரம்ஸ் அவர் பொறுப்பு. நன்றாக அடிப்பார். ஒரே குறை, சந்தோஷமான ஆள். குழுவுக்கு ஒரு படம் வேண்டுமென்று முகத்தில் பவுடரை அப்பி, கண்ணைச் சுற்றி மையைத் தீட்டி, பனிக்கு எங்கே போவது என்று தவித்துக் கடைசியில் பஞ்சாயத்துக்காரர்கள் கொசு மருந்துப் புகை அடிக்கும் நாளாகப் பார்த்து ஏரிக்கரையில் போய் நின்றார்கள். படத்தில் கோதண்டராமன் மரணத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மாசானம் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

குரலுக்கு எதிரொலி வேண்டும். பெரிய பெரிய குழுக்காரர்கள் எல்லாம் குகைக்குப் போவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் குகைக்கு எங்கே போவது? மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்துவிட்டுக் காலிசெய்து, செல்போனோடு உள்ளே இறங்கி, ‘முடிவில்லா மார்கழி’ என்ற தன் பாட்டின் குரல் பகுதியைக் கதறி முடித்து நிமிர்ந்தபோது, வட்டமான வாசலில் வீட்டுக்காரம்மா கன்னியம்மாவின் முகம் தெரிந்தது.

“இன்னாபா தம்பி, தண்ணிய மொத்தமா தொறந்து வுட்டுட்டு உள்ள குந்திக்கினு கத்திக்கினு கீற? எவனோ வுயுந்து பூட்டான்னு பக்கத்து வூட்டுக்காரன் ஏணியத் தூக்கினு ஓடியாறான்!”

“இது கலைம்மா.”

“கீய கொயம்பு வெக்கத் தண்ணி இல்ல. கலையாம்!”

உலகம் கலைஞனைப் புரிந்துகொள்ளவில்லை என்ற மகிழ்ச்சியோடு கோதண்டராமன் ஏணியில் இறங்கினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குளிர் மிகுந்த ஏதோ ஒரு நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் இந்த வகைப் பாட்டை மட்டும் கேசட்டாகப் போடுகிறார். கேசட்டா என்று கேட்காதீர்கள். கேட்பதற்கு வசதியாக இருந்தால் அது கலையில்லை. அவர் கேசட்டில் இடம்பிடிப்பது இந்த இனத்துக்குப் பத்மஸ்ரீ. அதற்கு அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: இணையத்தில் உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் நூறு பேருக்கு மேல் போயிருக்கக் கூடாது. தீபாவளிக்குள் யார் யார் என்று சொல்லிவிடுவார். கோதண்டராமனுக்குக் கவலையே இல்லை. அவர் பாட்டை ஏற்றிவைத்திருந்த பக்கத்துக்கு அவரும் மாசானமும் போக, வழி தவறி வந்தவர்கள்தான் நாலைந்து பேர். உலகத்திலேயே கேட்க ஆளில்லை என்பதற்காகத் தூங்காமல் கனவு கண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பிறகு ஒருநாள் பார்த்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது.

“எல மாப்ள, நம்ம பாட்டு லிங்க்க நைட் ஷிப்ட் குரூப்புல போட்டேம்லா. பயலுவ பூரா கேக்கானுவ” என்றார் மாசானம், பெருமை தாங்காமல்.

“யாரக் கேட்டுரா போட்ட? புடிச்சிகீதாமா அவனுங்களுக்கு?”

“புடிக்காம என்ன? போட்டதும் தூங்கிருதானுவ!”

விஷயம் இதுதான். இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வருகிற பிள்ளைகளுக்குப் பகலில் தூக்கம் பிடிக்காது. மேலே தகரம் கொதிக்கும், வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கும், கண்ணை மூடினால் ஊர் வந்து நிற்கும். ‘முடிவில்லா மார்கழி’யோ ஒரே சீராக, முடிவென்பதே இல்லாமல், இயந்திரம் போலவே இரைந்துகொண்டிருக்கும். உடம்புக்குப் பழகிய சத்தம் காதில் விழுந்ததும் உடம்பு போய்ப் படுத்துக்கொண்டது. மனித வாழ்வின் மீது அவர் விட்ட சாபம் விடுதிவிடுதியாகத் தாலாட்டாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, கம்பெனி கேன்டீனில், இரவு வேலை முடித்துத் தட்டோடு வந்த பெண்ணொருத்தி எதிரில் நின்றாள். செல்லக்கனி. இருக்கை உறை தைக்கிறவள், மாசானத்தின் ஊருக்குப் பக்கத்து ஊர்.

“அண்ணே, அந்த மார்கழிப் பாட்டு பாடுனது நீங்கதானாமே? நல்லா இருப்பியண்ணே.”

அவரை அதுவரை யாரும் அப்படி ஏசியதில்லை. “அது தூங்குறதுக்குப் போட்ட பாட்டு இல்லம்மா. மனுஷன் பொறந்ததே வீணுன்னு சொல்ற பாட்டு” என்றார், குரலைத் தாழ்த்தி.

“அப்படியாண்ணே? வார்த்தை ஒண்ணும் வெளங்கல. வீட்டு நெனப்பு வந்து நெஞ்ச அடைக்கும்லா, அப்பம் இதப் போட்டா, நமக்குப் பதிலா யாரோ அழுது முடிச்சிட்டாங்கன்னு இருக்கும். நான் தூங்கிருவேன்.”

நீங்களோ நானோ என்றால் அந்த இடத்தில் கரைந்துபோயிருப்போம். வித்வானோ மனசுக்குள் எண்ணிக்கை போட்டார். எண்பதைத் தாண்டியிருந்தது. பெண்கள் விடுதி முழுவதும் கேட்க ஆரம்பித்துவிட்டால் கேசட் என்ன ஆவது? சாப்பாட்டு இடைவேளையில் பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த வாரக் கடைசியில் காலை ஷிப்டுக்குப் போனால் சிவப்புத் தொட்டி நிரம்பித் தரையில் சரிந்து கிடக்கிறது. உறைகளில் தையல் குடித்தவன் நடையாகப் போயிருந்தது. இரவு சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கோதண்டம், இன்னான்னே புரியலபா. ரெண்டு மூணு நாளா லைன்ல நின்னுகினே தூங்குறாங்க. பகல்ல தூக்கமே இல்லியாம். கேட்டா பாட்டு பூட்ச்சின்றாங்க. இன்னா பாட்டு, எங்க பூட்ச்சி?”

கோதண்டராமன் குனிந்து ஒவ்வொரு உறையாக எடுத்து ஸ்டிக்கர் ஒட்டினார். ஓர் உறையில் மட்டும் தையல் நேராகத்தான் இருந்தது. ஓரத்தில் ரத்தம். அவர் நிமிர்ந்தபோது செல்லக்கனி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள், ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. ஊசி ஏறியிருக்கிறது. அவரைப் பார்த்ததும் வழக்கம்போல லேசாகச் சிரித்தாள். கோதண்டராமனுக்கு வெட்கமாக இருந்தது, நடித்துப் பார்க்காத ஓர் உணர்ச்சி வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் கழிப்பறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டைத் திரும்ப ஏற்றினார்.

ஒரே வாரத்தில் நூறு தாண்டி, ஐந்நூறு தாண்டி, பக்கத்துக் கம்பெனிகளுக்கும் வாலாஜாபாத் பக்கத்து விடுதிகளுக்கும் போய்விட்டது. வெள்ளைக்காரர் மரியாதையாகவே ஒரு வரி எழுதினார்: உங்களுக்கு ரசிகர்கள் இருப்பதை அறிந்து வருந்துகிறோம்.

அத்தனை வருஷமாகத் துக்கத்தைப் பாடியவருக்கு நிஜமான துக்கம் அன்றைக்குத்தான் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய வடையைத் தொடவில்லை. ‘இருக்கேன்’ என்றுகூடச் சொல்லவில்லை. ஞாயிறன்று மாடிக்கு ஏறினார். இந்த முறை தடை எதுவும் இல்லை, கன்னியம்மாவே குடித்தனக்காரர்களிடம் போய், “தம்பி பாடப் போவுது, குடத்துல ரொப்பி வெச்சிக்கோங்க. இதோட பாட்டு வந்தப்பறம்தான் நைட்டு வேலைக்குப் போற பசங்க பகல்ல சண்டை போடாம தூங்குதுங்கோ” என்று சொல்லித் தொட்டியைக் காலிசெய்து வைத்திருந்தார். உள்ளே உட்கார்ந்ததும் கோதண்டராமன் உடைந்து அழுதார். கத்தவில்லை, அழுதார். மூக்கு ஒழுக, விக்கல் எடுக்க, கேசட்டுக்காக அழ ஆரம்பித்து, எதற்கென்று தெரியாத எதற்கெல்லாமோ அழுதார். போன் அத்தனையையும் பதிவு செய்தது. மாசானம் கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சிரிக்காமல் இருந்தார். கோதண்டராமனின் வாழ்நாள் சாதனை இதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ‘முடிவில்லா மார்கழி, பாகம் இரண்டு’ என்று ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கேன்டீனில் செல்லக்கனி வந்து நின்றாள். கண் சிவந்து வீங்கியிருந்தது.

“அண்ணே, கோவிச்சுக்கிடாதிய. புதுப் பாட்டு வேண்டாண்ணே.”

“ஏம்மா, இன்னா ஆச்சு?”

“நெசமாவே அழுதுட்டிய போல. கேட்டதும் எனக்கு எங்கம்மா நெனப்பு வந்துட்டு. ஹாஸ்டல்ல ஒருத்தியும் தூங்கல, எல்லாரும் உக்காந்து அழுதோம். பழைய மாதிரி சும்மா அழுங்கண்ணே. அதுதான் நல்லா இருக்கு.”

ஊரான் சரக்குக்கெல்லாம் என்ஜி ஒட்டியவருக்கு, அவருடைய ஒரே அசல் சரக்கில் ஸ்டிக்கர் விழுந்துவிட்டது. அவள் விரலில் இன்னும் துணி இருந்தது. பாகம் இரண்டை அன்றைக்கே அழித்தார். இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு தொட்டிக்குள் இறங்கி, நன்றாகச் சாப்பிட்ட வயிற்றோடு, பொய்யாக, மிகச் சிரத்தையாக, ஊருக்காக அழுதுகொண்டிருக்கிறார். ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் பழையபடி ‘இருக்கேன்’ என்றுதான் சொல்கிறார்; ஆனால் உற்றுக் கேட்டால் அதில் கொஞ்சம் சந்தோஷம் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்கிறீர்களா? நீங்கள் மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு பாட்டையோ ஒரு டீக்கடையையோ எதிர்வீட்டுக்காரர் ‘பிரமாதம்’ என்று சொன்ன அன்றைக்கு உங்கள் முகம் ஏன் அப்படிப் போனது? உறவுக்காரர் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ‘இதெல்லாம் ஒரு கஷ்டமா, என் கதையைக் கேளுங்கள்’ என்று நடுவில் பாய்ந்தது யார்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அடுத்த முறை ‘என் வேதனை ஒருத்தருக்கும் புரியாது’ என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறபோது, போகிற போக்கில் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். கீழே நாலு பேர் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.