ஏழாம் அத்தியாயம்

ஏழாம் அத்தியாயம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்ததும் ஆர்லோ விட்கம் டைப்ரைட்டர் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

உளவுத்துறையில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். அங்கே இருந்தவர்கள் நாவல் எழுதினால்கூட, துறையின் தணிக்கைக் குழு படித்து முத்திரை குத்திய பிறகுதான் அச்சுக்குப் போகும். ரகசியம் என்று பட்டதைக் கறுப்பு மையால் அடித்துவிடுவார்கள்.

ஆர்லோ, பாவம், ஒரு ரகசியமும் எழுதவில்லை. ஒற்றர்கள் பல் டாக்டர் நாற்காலியில் படுத்தபடி தகவல் மாற்றிக்கொள்வதாகச் சும்மா அளந்துவிட்டிருந்தார். அந்த வரி போயிற்று. தொலையட்டும் என்று நாய்க்கு முடிவெட்டும் கடையாக மாற்றினார். அரைப் பக்கம் போயிற்று. எரிச்சலில், எதிரித் தூதரகத்துக்கு எதிரே துறையே டோனட் கடை போட, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போய், வேவு பார்க்க நேரமில்லாமல் ஒற்றர்கள் மாவு பிசைவதாக எழுதினார். இப்போது அத்தியாயமே கறுப்பு.

வெள்ளிக்கிழமைக்குள் நாவல் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று பதிப்பாளர் செல்மா சொல்லியாயிற்று. முந்தைய இரண்டு நாவல்களும் ஊற்றிக்கொண்டவை. இதுவும் போனால் மைத்துனரின் மெத்தைக் கடையில்தான் பிழைப்பு.

"ஒழுங்கா ஒரு பொய்கூடச் சொல்ல வரல. உன்னையெல்லாம் யாரு உளவாளியா வச்சிருந்தாங்க?" என்றாள் மனைவி மேவிஸ்.

வேறு வழியில்லாமல் செல்மாவுக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். அவளோ துள்ளிக் குதிக்காத குறை. கறுப்பு அடித்தபடியே அச்சடிக்கலாம், ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள், முத்திரை மட்டும் வாங்கி வா என்றாள்.

வியாழக்கிழமை காலை தணிக்கை அலுவலகத்தில் போய் நின்றார். டைப்பிஸ்ட் ஈடித் கறுப்புப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப்போனாள். ஆர்லோ அரைமணி நேரம் வராந்தாவில் நடைபோட்டார். முத்திரையோடு அவள் திரும்பி வந்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருந்தும் மனசு ஆறவில்லை.

"சத்தியமா எல்லாம் என் கற்பனைம்மா. எனக்கு எந்த ரகசியமும் தெரியாது."

ஈடித் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க எழுதினப்போ அதெல்லாம் ரகசியமே இல்ல சார். படிச்சதும் மேலிடத்துக்குப் பிடிச்சுப்போச்சு, டோனட் கடை திங்கட்கிழமை திறந்தாச்சு. அடுத்த அத்தியாயம் எப்போ வரும்னு கேட்டு உயிரை எடுக்கறாங்க."