சரீபாவின் பன்னிரண்டாவது பிள்ளை

ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஆண்டவன் பொறுப்பு என்றுதான் மன்னார்த் தீவில் நெடுங்காலமாக எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு அந்தப் பொறுப்பு இல்ல ஒழுங்குக் கந்தோர் என்ற அரசாங்க அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த வருஷம் சீமையில் ஒழுங்கான வீடு என்பது ஒரு நாகரிகமாகியிருந்தது. சீமையில் ஒருவர் தும்மினால் கொழும்பில் மூக்குத் துடைக்க லேஞ்சி எடுப்பார்கள். கொழும்பில் லேஞ்சி எடுத்தால் மன்னாரில் ஒரு கந்தோர் திறப்பார்கள். அப்படித் திறந்த கந்தோரின் முதல் அறிவித்தல் பெருக்கமரத்தடித் தெருவிலே, அந்தப் பெருக்கமரத்திலேயே ஆணியடித்து மாட்டப்பட்டது.

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், ஒழுங்கும் அமைதியும் சுத்தமும் விளங்கும் இல்லத்தின் தாயாருக்கு மேற்படி கந்தோரால் தையல் மெசின் ஒன்று பரிசளிக்கப்படும்."

இதற்குக் கீழே நிபந்தனைகள் இருந்தன. அவற்றை அன்றைக்கே ஒரு கழுதை தின்றுவிட்டது. மேல்பாதியே சரீபாவுக்குப் போதுமாக இருந்தது.

சரீபாவுக்குப் பிள்ளைகள் பதினொன்று. மூத்தவன் காமிலுக்குப் பதினைந்து வயது, கடைக்குட்டிக்கு இரண்டு. புருஷன் அபூசாலி கருவாட்டு வியாபாரி. பெருநாள் உடுப்பு பதினொன்றையும் சரீபா கையால்தான் தைப்பாள். போன பெருநாளன்று விடிந்தபோது ஏழாவது பிள்ளை பக்கீரின் சட்டைக்கு ஒரு கைதான் முடிந்திருந்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டே தொழப் போய்விட்டான். "மற்றக் கை எங்கடா?" என்று பள்ளிவாசலில் கேட்டவர்களுக்கு, "உம்மா தைச்சுக்கொண்டிருக்கிறா, தொழுகை முடிய வரும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னானாம். ஊர் சிரித்தது. சரீபாவும் சிரித்தாள்தான். ஆனால் ஒரு மெசின் கிடைக்கும்வரை இனித் தனக்கு நித்திரை இல்லை என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டாள்.

பதினொரு பிள்ளைகளைத் தலை எண்ணிப் பிடிப்பது தராசில் தவளை நிறுக்கிற வேலை. அதனால் சரீபா தலையை எண்ணுவதில்லை. சகனை எண்ணுவாள். பெரிய சகன் தட்டில் சோறு போட்டு, ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர் இருந்து தின்பது அவர்கள் வழக்கம். மத்தியானம் இரண்டு சகன் வைப்பாள். பன்னிரண்டு இடத்தில் ஒன்று காலியாக இருந்தால் எல்லாப் பிள்ளையும் வந்தாயிற்று என்று அர்த்தம். அந்தக் காலி இடத்தில் அவள் இருப்பாள். அந்தப் பதினொன்றில் இரண்டு பக்கத்து வீட்டு ஹிதாயாவின் பிள்ளைகளாக இருந்தாலும் பயமில்லை. அப்போது ஹிதாயாவின் சகனில் சரீபாவின் பிள்ளைகள் இரண்டு இருக்கும். ஒரு நாளும் கணக்குப் பிழைத்ததில்லை.

கந்தோரிலிருந்து கிறகரி ஐயா வந்தார். இருபத்தொன்பது வயது, கலியாணம் ஆகவில்லை, பள்ளிமுனையில் தாய்க்கு ஒரே பிள்ளை. பின்னால் மைப்போத்தலைத் தூக்கிக்கொண்டு பியோன் ஏரம்பு வந்தார்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"பதினொன்று ஐயா, அல்லாட காவல்."

கிறகரி ஐயா படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதில நாலு கோடுதான் இருக்கு."

"அதுக்கென்ன, தாங்கோ. என்ர மகள் றம்லா அடிமட்டம் வைச்சு வடிவாக் கீறித் தருவாள்."

"அம்மா! இது கொழும்பில அச்சடிச்ச படிவம். இதில கோடு கீற எனக்கே அதிகாரமில்லை."

"அப்ப மிச்சம் ஏழும்?"

"அதுகள் படிவத்துக்கு வெளியில இருக்கிற பிள்ளையள்."

"பிறந்திட்டுதுகளே ஐயா!"

"பிறந்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை. படிவத்தில பிறக்கேல்லை எண்டுதான் சொல்லுறன். வாற வியாழக்கிழமை பரிசோதனை. நாலு பிள்ளை, நாலு சோத்துக் கோப்பை, சத்தம் கேக்கப்படாது."

இதைச் சொல்லிவிட்டுத் தொப்பியைத் தேடினார். அது கடைக்குட்டியின் கீழே இருந்தது.

நாலை வைத்துக்கொண்டு மிச்சம் ஏழையும் ஹிதாயா வீட்டில் ஒளிப்பது என்று சரீபா தீர்மானித்துப் புறப்பட்டாள். வேலியடியிலேயே ஹிதாயா தன்னுடைய மிச்சப் பிள்ளைகள் ஐந்தை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். "ராத்தா, இதுகளை வியாழக்கிழமை உங்கட வீட்டில விடுவமெண்டு வந்தனான்."

விசாரித்தால் தெருவில் பதினெட்டு வீட்டுக்கும் மெசின் வேண்டும். பதினெட்டு வீட்டிலும் பிள்ளை மிச்சம். கடைசியில், மிஞ்சிய எழுபத்தொரு பிள்ளைகளையும் கடற்கரையில் அபூசாலி கருவாடு காயப்போடும் வாடிக் கொட்டகையில் அடைப்பதென்று பெண்கள் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அபூசாலிக்கு அது பிறகுதான் அறிவிக்கப்பட்டது.

"எழுபத்தொரு பிள்ளையளையும் நான் தனியப் பாக்கிறதோ?"

"கருவாட்டைக் காகத்திட்ட இருந்து காக்கிற ஆளுக்கு இது ஒரு வேலையோ?"

"காகம் சொன்னாக் கேக்கும், சரீபா."

வியாழக்கிழமை கிறகரி ஐயா தெருமுனை வீட்டில் நாலு பிள்ளைகளை எண்ணினார். ஒழுங்காக நின்றதற்கு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். அவர் அந்த வீட்டுப் படி இறங்குவதற்குள் செய்தி வாடிக்குப் போய்விட்டது. அவர் மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது வாடியில் அபூசாலியும் கருவாடும் மட்டும்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மிக ஒழுங்காக நடந்தது. ஐயா முன்வாசலால் ஒரு வீட்டுக்குள் நுழைவார். பின்வாசலால் நாலு பிள்ளைகள் நுழைந்து, உள்ளே நிற்கிற நாலையும் தள்ளிவிட்டு வரிசையில் நிற்கும். பிஸ்கட் வாங்கியதும் வேலி பாய்ந்து அடுத்த வீடு. சரீபா தன் பிள்ளைகளில் நாலைத் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து நிறுத்தியிருந்தாள். ஐயா வந்தபோது திரும்பிப் பார்த்தால், அந்த நாலில் ஒன்றுகூட இல்லை. ஹிதாயாவின் மூன்று பிள்ளைகளும், மூக்குவரை மண் அப்பிய பக்கீரும் நின்றார்கள்.

"இந்தப் பெடியனை எங்கையோ பாத்த மாதிரி இருக்கு," என்றார் கிறகரி ஐயா.

"ஒரு தெருப் பிள்ளையள்தானே ஐயா. சாயல் இருக்கும்."

"தம்பி, உன்ர பேரென்ன?"

"இந்த வீட்டிலயோ?" என்று கேட்டான் பக்கீர்.

சரீபா அவன் கையிலிருந்த பிஸ்கட்டை அவன் வாய்க்குள் தள்ளினாள். நல்லவேளையாக, பிள்ளைகள் நாலும் அந்த நேரம் வாய் கொள்ளாமல் பிஸ்கட்டை அடைத்துக்கொண்டு ஊமைகளாக நின்றார்கள். ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. "அமைதி: அதிவிசேஷம்" என்று எழுதிக்கொண்டார். பரிசு சரீபாவுக்கே கிடைத்தது.

திங்கட்கிழமை வண்டியில் மெசின் வந்து இறங்கியது. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது.

"முன்னர் நூற்று நாற்பத்துமூன்றாக இருந்த இத்தெருவின் பிள்ளைகள் தொகை, இக்கந்தோரின் நன்முயற்சியால் ஒரே வாரத்தில் எழுபத்திரண்டாகக் குறைந்துள்ளமை மிக்க மகிழ்ச்சிக்குரியது. ஆகவே பாடசாலைக்குக் கட்டப்படும் இரண்டாவது அறை அவசியமற்றதாகிறது. படிவத்தில் இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் பாடசாலை இடாப்பிலிருந்து இத்தால் நீக்கப்படுகின்றன."

கழுதை தேய்ந்து கட்டெறும்பாக எத்தனையோ காலம் செல்லும். ஒரு தெருப் பிள்ளைகள் பாதியாகத் தேய ஒரு வியாழக்கிழமை போதுமாக இருந்தது.

அன்று முற்பகலே றம்லா சிலேற்றும் கையுமாகத் திரும்பி வந்தாள். அவள் படிப்பில் கெட்டிக்காரி, ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தைத் தவறவிடாதவள். வாசலில் நின்று, "உம்மா, நான் இல்லையாம்," என்றாள்.

சரீபா தைத்துக்கொண்டிருந்த துணியை மெசினிலிருந்து இழுத்து எறிந்தாள். வண்டி பிடித்து மெசினை ஏற்றினாள். பதினொரு பிள்ளைகளையும் ஏற்றினாள். நேரே கந்தோருக்கு விட்டாள்.

"இந்தாங்கோ உங்கட மெசின். என்ர பிள்ளையள் ஏழையும் திருப்பித் தாங்கோ."

கிறகரி ஐயா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ஏழும் உங்களோடதானே நிக்குது?"

"என்னோட நிக்குதுகள். உங்கட கடதாசியில இல்லையே!"

"அம்மா, சட்டம் என்னெண்டால்..."

சட்டம் என்னவென்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவரவில்லை. அதற்குள் இரண்டு பிள்ளைகள் அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைக்குட்டி மையைக் குடிக்கப் பார்த்தான். ஏரம்பு போத்தலைப் பறிக்க, மை ஏரம்புவின் வேட்டியில் கவிழ்ந்தது. காமில் ஒருத்தியை ஜன்னலில் இருந்து இறக்கினால் இன்னொருவன் ஏறினான். பக்கீர் மேசையிலிருந்த ரப்பர் முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டான். கதிரைக்கு ஒரு குத்து, சுவருக்கு ஒரு குத்து, கூடப்பிறந்தவர்கள் நெற்றிக்கு ஆளுக்கொரு குத்து. ஐயா ஒரு பிள்ளையைப் பிடித்து நெற்றியைப் பார்த்தார். "அங்கீகரிக்கப்பட்டது" என்றிருந்தது.

அவர் முகம் வெளிறிப்போனது. "ஏரம்பு, கந்தோர் முத்திரை விழுந்திட்டுது. இனி இந்தப் பிள்ளையளை மறுக்க எனக்கு அதிகாரமில்லை. மூண்டு படிவம் எடும்."

மூன்று படிவத்தில் பன்னிரண்டு கோடு. பதினொரு பெயர் எழுதியபின் ஒரு கோடு மிஞ்சியது.

"காலிக் கோடு விடேலாது அம்மா. விட்டால் கொழும்பில இருந்து விளக்கம் கேப்பினம். நீங்கள் வீட்டில பிள்ளையளை எப்பிடி எண்ணுறனீங்கள்?"

சரீபா சகன் கணக்கைச் சொன்னாள். ஐயாவின் கண்கள் விரிந்தன. கொழும்பில்கூட இப்படியொரு முறை இல்லை.

"பன்னிரண்டாவது இடத்தில ஆர் இருக்கிறது?"

"நான்தான்."

"அப்ப பன்னிரண்டாவது பிள்ளை நீங்கள். சகனில இருக்கிற ஆள் பிள்ளை, இனி இதுதான் முறை." எழுதினார்: சரீபா, வயது முப்பத்துநாலு, பிள்ளை. மற்றத் தாய்மாரும் வந்து இதே முறையில் எழுதிக்கொள்ளலாம் என்றும், அறை கட்டலாம் என்றும் உத்தரவானது. சரீபா மெசினைத் தூக்கப் போனாள்.

"அது தாயாருக்குரிய பரிசு," என்றார் ஐயா. "உங்கட வீட்டில இப்ப தாய் இல்லையே."

சரீபா மெசினைப் பார்த்தாள். நெற்றியில் முத்திரையோடு துள்ளிக்கொண்டு நின்ற றம்லாவைப் பார்த்தாள். வண்டியில் ஏறினாள். வழி முழுக்க அழுகை வந்தது. ஆனால் பதினொரு பேர் பாடிக்கொண்டு வருகிற வண்டியில் அழ இடம் ஏது?

அடுத்த கிழமை பிள்ளை சரீபா பாடசாலைக்கு வராத காரணத்தைக் கேட்டு, தகப்பன் என்ற முறையில் அபூசாலிக்குக் கடிதம் வந்தது. பதில் வராதபடியால் கிறகரி ஐயாவே நேரில் விசாரிக்க வந்தார். வந்த நேரம் மத்தியானம். சோற்று நேரத்தில் படி மிதித்தவரைத் தின்னாமல் அனுப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. "இருங்கோ ஐயா," என்று பக்கீர் கையைப் பிடித்து இழுக்க, அவர் சகனடியில், அந்தக் காலி இடத்தில் இருந்துவிட்டார்.

மீன் குழம்பு. ஐந்து பக்கத்திலிருந்தும் ஐந்து கைகள். ஒருத்தி அவர் பக்கத்து மீன் துண்டைக் களவெடுத்தாள், இன்னொருத்தன் தன் துண்டை அவருக்குத் தள்ளினான். கடைக்குட்டி அவர் மடியில் ஏறித் தொப்பியைப் போட்டுக்கொண்டான். பிறந்ததிலிருந்து தனிக் கோப்பையில் தனியே தின்று வளர்ந்தவர் அவர். அன்றைக்கு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை.

வாசலில் நின்ற ஏரம்பு முறைப்படி எண்ணினார். இரண்டு சகன், பன்னிரண்டு பேர். சரீபா அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். சகனில் இல்லாதபடியால் அவள் தாய் என்று எழுதினார். ஐயா குழம்புக் கையோடு கையொப்பமிட்டார். வாசித்துவிட்டுக் கையொப்பமிடுகிற வழக்கம் அந்தக் கந்தோரில் இல்லை.

இரண்டு நாளில் மெசின் திரும்பி வந்தது. பின்னாலேயே ஒரு கட்டளையும் வந்தது: கிறகரி, வயது இருபத்தொன்பது, பிள்ளை, திங்கட்கிழமை பாடசாலைக்குச் சமுகமளிக்க வேண்டும். கீழே கிறகரி ஐயாவின் கையொப்பம். தன்னுடைய கையொப்பத்தை மீற அவருக்கு அதிகாரம் இல்லை. றம்லாவுக்குப் பக்கத்து வாங்கில் போய் இருந்தார். கந்தோரில் ஒருவரும் அவரைத் தேடவில்லை. வேலை முன்னைவிட ஒழுங்காக நடந்தது என்று ஏரம்பு சொல்கிறார்.

பெருநாள் வந்தது. சரீபா மெசினில் பன்னிரண்டு உடுப்புத் தைத்தாள். பிள்ளைக்குப் பிள்ளை பேதம் பார்க்க அவளால் முடியாது. ஆனாலும் பன்னிரண்டாவதுக்கு ஒரு கை முடியவில்லை. கிறகரி ஐயா அதைப் போட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பள்ளிமுனைக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனார்.

"மற்றக் கை எங்கே?" என்று கேட்டார்கள்.

"உம்மா தைச்சுக்கொண்டிருக்கிறா," என்றார் அவர். "பூசை முடிய வரும்."

கந்தோரின் பெரிய கிளாக்கர் தூரத்தில் நின்றபடியால் பதில் அவர் காதில் விழவில்லை. சட்டைதான் கண்ணில் பட்டது. சீமையில் புதிதாக வந்த நாகரிகமாக்கும் என்று நினைத்து, அடுத்த நாள் அவரும் ஒரு கையோடு வந்தார். மாதம் முடிவதற்குள் கந்தோர் முழுவதும் ஒற்றைக் கை. பக்கீரைப் பார்த்துச் சிரித்த தெருவே பிறகு சட்டையும் கையுமாகச் சரீபாவின் வாசலில் வரிசையில் நின்றது.

"ராத்தா, என்ர மனுசன்ர சட்டைக்கும் ஒரு கையை எடுத்துவிடுங்கோ," என்றாள் ஹிதாயா. "வாற பெருநாளுக்கு முந்தித் தந்திடுங்கோ, என்ன?"

அந்த வருஷம் முழுக்கச் சரீபா மெசினடியில் இருந்து தையல் பிரித்துக்கொண்டிருந்தாள்.